பக்கத்து இருக்கையின் கணக்கு

சென்ற மாத இளையர் சந்திப்பு முடிந்து தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு தம்பி என் கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த கோ-கார்ட் நீங்களே செஞ்சதா? எவ்ளோ செலவாச்சு? எவ்ளோ ஸ்பீடு போகும்?" என்று கேட்டார். ஏறத்தாழ 2,000 வெள்ளி, சமதரையில் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அடுத்து ஒன்று கேட்டார்: "ரெண்டு சீட்டு இருக்கே, பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். உண்மையில் அந்த வண்டியை நான் இரண்டு தடவை செய்ததற்குக் காரணமே அந்தப் பக்கத்து இருக்கைதான். இதைப் படிப்பவர்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பொறியியல் எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் போட்ட கணக்கையும் போடாமல் விட்ட கணக்கையும் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. என் தாத்தா ஊரில் நுங்கு வண்டி ஓட்டியவர். குடித்து முடித்த நுங்குக் கூடுகள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவது. அப்பா காலத்தில் பலகைக்குக் கீழே பழைய பால்பேரிங் மாட்டிய வண்டி. கிடைத்த பொருளில் சக்கரம் செய்து பார்க்கும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. 1956இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பந்தயக் கார் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், நண்பர் லூ பொரெல்லியோடு சேர்ந்து இரும்புக் குழாய்களை வளைத்து, புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட சிறு எஞ்சினை மாட்டி ஓட்டினார். அதுதான் முதல் கோ-கார்ட். எஞ்சின் சக்தி சுமார் 2.5 குதிரைத்திறன். ஸ்பிரிங் இல்லை, கியர் இல்லை, இருக்கை ஒன்று.

இருக்கை ஒன்று என்பதைக் கவனியுங்கள். கரடுமுரடான மண்ணில் ஓடும் வண்டிகளைப் பொறியியல் மாணவர்களே வடிவமைத்துப் போட்டியிடும் பாஹா எஸ்.ஏ.இ. 1976இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007 முதல் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா நடக்கிறது. இந்தூருக்குப் பக்கத்திலுள்ள பீதாம்பூர் சோதனைத் தளத்தில் ஓடும் அந்தப் போட்டிக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளும் போகின்றன. அங்கேயும் ஒரு வண்டிக்கு ஓர் ஓட்டுநர்தான். நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயத்துக்கு வண்டி செய்கிற அணிகளே ஒருவரோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் மட்டும் முதல் முயற்சியிலேயே இரண்டு பேருக்குச் செய்யக் கிளம்பினேன். காரணம் என் சித்தப்பா மகள். வயது 13. "அண்ணா, எனக்கும் ஒரு சீட்டு வெச்சாதான் அப்பாகிட்ட எடம் கேட்டுத் தருவேன்" என்று நிபந்தனை போட்டாள்.

எதற்கு இடம் கேட்க வேண்டும்? இங்கே ஓட்ட இடமில்லை என்பதால்தான். சிங்கப்பூரில் பதிவும் உரிமமும் இல்லாத மோட்டார் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. வீவக கார் நிறுத்துமிடமும் விளையாடும் இடமல்ல. சைக்கிள் பாதையில் போகலாமா என்றால், தனிநபர் நடமாட்டச் சாதனத்துக்கான வரம்பு 20 கிலோ எடை, 70 சென்டிமீட்டர் அகலம், மணிக்கு 25 கிலோமீட்டர். என் வண்டி 150 கிலோ, அகலம் ஒரு மீட்டருக்கு மேல். ஆகவே எந்த நள்ளிரவிலும் "சும்மா ஒரு ரவுண்டு" என்று உங்கள் புளோக்குக்குக் கீழே கிளப்பிவிடாதீர்கள். திடலில் வாடகைக் கார்ட் ஓட்டுவது வேறு விஷயம். சித்தப்பா ஜொகூரில், குளுவாங்கில் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் பட்டறையும் பின்னால் கொஞ்சம் செம்பனைத் தோட்டமும் வைத்திருக்கிறார். அவருடைய சொந்த நிலம். வரைபடம், கணக்கு, சின்னச் சாமான் எல்லாம் சிங்கப்பூரில், வெல்டிங்கும் ஓட்டமும் குளுவாங்கில் என்று முடிவானது.

சாமான் வாங்க அலைந்ததைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் சுங்கை ரோடு சந்தைக்குப் போகச் சொல்லியிருப்பார். அது 2017 ஜூலையில் மூடப்பட்டது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போய் ஐந்து வெள்ளிக்கு ஒரு பழைய ஸ்பேனர் செட் வாங்கினேன். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இப்போது லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போனால் சிம் லிம் டவரில் ஸ்விட்ச், வயர், கருவிகள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் போல்ட், பேரிங், செயின். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது வலிமையின் தரக் குறியீடு. ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும் குறியில்லாத போல்ட் போடவே கூடாது. சட்டகத்துக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயை வாங்கப் போனேன், மலிவாக இருந்தது. சித்தப்பா திட்டினார். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் கிளம்பும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். தண்ணீர்க் குழாய் தண்ணீர் கொண்டுபோகச் செய்தது, ஆளைக் காப்பாற்றச் செய்ததல்ல.

முதல் வண்டியை நான் வடிவமைத்த விதம் இதுதான்: ஒற்றை இருக்கைக் கார்ட்டின் வரைபடம் ஒன்றை எடுத்து, நடுவில் 45 சென்டிமீட்டர் சேர்த்து அகலமாக்கினேன். அவ்வளவுதான். தோசையைப் பெரிதாக வார்ப்பது மாதிரி. பள்ளத்தில் தரை தட்டக் கூடாது என்று சட்டகத்தை உயரமாகத் தூக்கி, அதன் மேல் இரண்டு இருக்கைகள் வைத்தேன். பம்ப்செட்டுக்குப் பயன்படும் வகை 196 சிசி எஞ்சின், ஹோண்டா ஜிஎக்ஸ்200. சக்தி 5.5 குதிரைத்திறன், முறுக்குவிசை 12 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கார்ட்டுகளில் வழக்கமாகப் போடும் மையவிலக்குக் கிளட்ச், 10 பல்லும் 60 பல்லும் கொண்ட இரண்டு ஸ்ப்ராக்கெட், ஒரு செயின். பின் அச்சில் ஒரே ஒரு டிஸ்க் பிரேக். இணையத்தில் பார்க்கும் கார்ட்டுகளில் பாதிக்கும் மேல் இப்படித்தான் இருக்கும்.

ஓட்டம் பார்க்கும் நாளில் சித்தப்பா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு, "சாமிகிட்ட சொல்லியாச்சு. ஆனா எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது. மொதல்ல மூட்டைய வெச்சு ஓட்டு, பொண்ண அப்புறம் ஏத்தலாம்" என்றார். பக்கத்து இருக்கையில் 50 கிலோ உர மூட்டை ஒன்றும் 20 கிலோ மணல் பையும் ஏறின. தங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள்.

முதல் மேட்டிலேயே வண்டி நின்றது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை, கிளட்ச் கருகும் வாடை. தனியாக ஓட்டினால் சின்ன மேடு ஏறுகிறது, மூட்டையோடு ஏறவில்லை. அன்றிரவு குளுவாங்கில் கொசுவர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். நீங்களும் தாளை எடுங்கள்.

வண்டி 150, இரண்டு பேர் 140, மொத்தம் 290 கிலோ. இளகிய மண்ணில் உருள்வதற்கான தடையை எடையில் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டேன். 290 × 9.81 × 0.08 = 228 நியூட்டன். சமதரையில் நகரவே இவ்வளவு வேண்டும். எஞ்சின் தருவது என்ன? 12 நியூட்டன் மீட்டரை செயின் 6 மடங்காக்குகிறது. வழியில் விரயமாவதைக் கழிக்க 0.85ஆல் பெருக்கினால் 61. சக்கரத்தின் ஆரம் 0.22 மீட்டர். வகுத்தால் 278 நியூட்டன் இழுவிசை. மிச்சம் வெறும் 50. அந்த 50 நியூட்டனில் 290 கிலோவை ஏற்றினால், 100 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர்கூட ஏற முடியாது. நான் தனியாக, அதாவது 220 கிலோவோடு போனபோது, மிச்சம் 105 நியூட்டன். அதில் 100 மீட்டருக்கு 5 மீட்டர் வரை ஏறலாம். பார்த்தது அப்படியே கணக்கில் வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பெரிய எஞ்சின் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எடையும் வேகமும் சேர்ந்து ஏறும். வேண்டியது இழுவை, வேகமல்ல. ஸ்கூட்டர்களில் இருப்பது போன்ற பெல்ட் கியர் ஒன்று இந்த எஞ்சின்களுக்குக் கிடைக்கிறது. கிளம்பும்போது 2.7 மடங்கு, வேகமெடுத்ததும் 0.9 மடங்கு என்று அதுவே மாறிக்கொள்ளும். 2.7ஐ 6ஆல் பெருக்கினால் 16.2. இழுவிசை 751 நியூட்டன். இப்போது 100 மீட்டருக்கு 18 மீட்டர் ஏறும், ஏட்டுக் கணக்கின்படி. உச்ச வேகம் 55 கிலோமீட்டர் என்று வரும். உண்மையில் 50ஐத் தொடுவதே கஷ்டம், ஏனென்றால் அந்த வேகத்தில் மண்ணின் தடையே எஞ்சினின் முழுச் சக்தியையும் தின்றுவிடும்.

மேடு ஏறாத வண்டி யாரையும் காயப்படுத்தாது. அடுத்த இரண்டு தவறுகள் அப்படியல்ல.

பிரேக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னக் கார்ட்டுக்குப் பின் அச்சில் ஒரு டிஸ்க் போதும் என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின் டயர்களின் பிடி குறைகிறது. அதே டயர்களைத்தான் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என் வண்டியின் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன்: சக்கர இடைவெளி 1.7 மீட்டர், நிறை மையத்தின் உயரம் அரை மீட்டர், நின்ற நிலையில் பின்னால் 58 விழுக்காடு எடை, டயரின் பிடி 0.7. மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து நிற்க, பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட 19 மீட்டர். நான்கு சக்கரமும் பிடித்தால் 9 மீட்டர். செம்பனை மரங்களுக்கு இடையே சுமார் 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவது வழக்கம். அதாவது ஒரு மரம் தாண்டி அடுத்த மரத்தில்தான் நிற்பேன். பழைய மோட்டார் சைக்கிள் இரண்டின் முன் டிஸ்க்குகளை சித்தப்பா கழற்றிக் கொடுத்தார். முன்னுக்கு ஒரு ஹைட்ராலிக் சுற்று, பின்னுக்குத் தனிச் சுற்று. ஒன்றில் எண்ணெய் கசிந்தாலும் மற்றது இருக்கும். பாஹா விதிகளும் இரண்டு தனிச் சுற்று வேண்டும் என்கின்றன. நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்வதைச் சோதகர் முன் காட்டாத வண்டி அங்கே பந்தயத்துக்கே போகாது.

இதெல்லாம் மேல்நாட்டு விதி என்று நினைக்க வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 300 டன் என்பார்கள். அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அதற்கும் முன்னால், காலங்காலமாக, சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருந்தார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், கட்டை போடத் தெரிந்தவர் சிலர்தான். அவர்களை நம்பித்தான் தேர் நிலையை விட்டே கிளம்பும்.

இனி மூன்றாவது தவறு.

இரண்டாம் நாள் பின்மாலை. மூட்டையை இறக்கிவிட்டு நான் மட்டும் ஓட்டினேன். இருக்கை வலப்பக்கம். சரிவில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். வலப் பின்சக்கரம் லாரி போன தடத்தில் இறங்கியது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மண்ணை விட்டு எழுந்தன. ஒரு நொடியா, அரை நொடியா, தெரியாது. ஸ்டீயரிங்கைத் தளர்த்தினேன், வண்டி 'தட்' என்று மறுபடி உட்கார்ந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். கை நடுங்கியது. திண்ணையிலிருந்து தங்கை கை தட்டுவது கேட்டது, அவளுக்கு அது வித்தை.

அந்தச் சமயத்தில் எனக்கு ஞாபகம் வந்தது காவடி. பெரியப்பா மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஆண்டுகளில், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் அதைப் பூட்ட நானும் தொண்டூழியனாகப் போய் நிற்பேன். கடைசி போல்ட்டை இறுக்கும் முன்பு அண்ணன் ஒருதடவை தோளில் ஏற்றிக் கண்ணை மூடி நிற்பார். "லெஃப்ட்ல கொஞ்சம் தூக்குது" என்பார். ஒரு மணியையோ இரண்டு பீலியையோ இடம் மாற்றுவோம். ஒரு கிலோ வித்தியாசம்கூட டேங்க் ரோடு போய்ச் சேருவதற்குள் தோளைத் தின்றுவிடும். இடும்பன் கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம்: சிவகிரி ஒரு முனை, சக்திகிரி மறு முனை. ஒரு மலையை மட்டும் கட்டியிருந்தால் அவனால் எழுந்தே இருக்க முடியாது.

என் வண்டி ஒரு மலையை மட்டும் கட்டிய காவடி. இரண்டு இருக்கை வண்டியைப் பற்றி நினைக்கும்போது எல்லாரும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் எடையைத்தான் யோசிக்கிறோம். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் நேரத்தை நான் யோசிக்கவே இல்லை.

அளக்க நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன், செலவு அதிகமில்லை. குளியலறை எடைத்தராசு நான்கு வாங்கி, நான்கு சக்கரத்துக்கும் கீழே வையுங்கள். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் என் வண்டியின் வலப்பக்கம் 126 கிலோ, இடப்பக்கம் 94. வித்தியாசம் 32. அதை மொத்தமான 220ஆல் வகுத்து, சக்கர அகலத்தில் பாதியான 0.55 மீட்டரால் பெருக்கினால் 0.08. நிறை மையம் நடுக்கோட்டிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. அடுத்து, ஆளை இறக்கிவிட்டு இருக்கையில் 70 கிலோ மூட்டையைக் கட்டி, பட்டறையின் செயின் பிளாக்கால் இடப்பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். மறுபக்கம் பாதுகாப்புக் கயிறு அவசியம். ஒரு கோணத்தில் சங்கிலி தளர்ந்து, வண்டி தானே கவிழப் பார்க்கும். என் வண்டிக்கு அது 40 டிகிரி. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் ஏறத்தாழ 0.85. அதாவது எடையின் 0.85 மடங்கு பக்கவாட்டு விசை வந்தால் கவிழும். இரண்டிலிருந்தும் நிறை மையத்தின் உயரம் கிடைத்துவிடும்: 0.55இலிருந்து 0.08ஐக் கழித்து 0.85ஆல் வகுத்தால் 55 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் மூட்டை வைத்துச் சோதித்தபோது 44 டிகிரி வந்தது. ஆள் ஏறியதால் வண்டி இன்னும் உறுதியானது. யாரும் அப்படி எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

டயரின் பிடி 0.7தான், 0.85ஐ எட்டும் முன்பே வழுக்கிவிடுமே, ஏன் தூக்கியது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மண் சமமாக இருந்தால் வழுக்கத்தான் செய்யும், வழுக்குவது நல்லது. தடத்தின் விளிம்பில் சக்கரம் சிக்கினால் வழுக்க முடியாது. அங்கே மண் சுவர் மாதிரி தாங்குகிறது, வண்டி அதன் மேல் புரளப் பார்க்கிறது. வெளிப்பக்கம் 10 டிகிரி சரிவு வேறு. 40இலிருந்து 10 போனால் 30. டேன்ஜென்ட் 0.58. எட்டு மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 24 கிலோமீட்டரே போதும்.

பிறகு சட்டகத்தை அறுத்தோம். வேறு வழியில்லை. சக்கர அகலம் 1.10இலிருந்து 1.30 மீட்டர் ஆனது. இருக்கைகளைச் சட்டகக் குழாய்களுக்கு மேலே வைக்காமல் நடுவே 10 சென்டிமீட்டர் இறக்கினோம். தரை இடைவெளியில் 4 சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்தேன். எஞ்சின், பெட்ரோல் டாங்க் எல்லாம் இடப்பக்கம், பயணிக்குப் பின்னால் போயின. காவடியில் மணியை இடம் மாற்றிய அதே வேலை. வண்டி 6 கிலோ கூடியது. தராசில் இப்போது வலம் 121, இடம் 105. கவிழும் கோணம் 51 டிகிரி. அதே சரிவில், அதே வளைவில் தடத்தில் சிக்கினால் 30 கிலோமீட்டர் வரை தாங்கும். அகலம் மாறியதால் ஸ்டீயரிங் கோணங்களையும் புதிதாகப் போட வேண்டி வந்தது. 4 மீட்டர் ஆரத்தில் திரும்ப உள் சக்கரம் 27 டிகிரி, வெளிச் சக்கரம் 20 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஒன்று எப்போதும் தேய்ந்து இழுபடும்.

24 என்பது 30 ஆனது. கவிழவே கவிழாது என்று ஆகவில்லை. அதனால் மேலே கூண்டு. பாஹா விதியில் உள்ள அளவையே எடுத்துக்கொண்டேன்: 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிப்பு, 0.18 விழுக்காடு கார்பனுக்குக் குறையாத எஃகுக் குழாய். ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர். கூண்டின் வெல்டிங்கை நான் தொடவில்லை, அதற்கென்றே சோறு தின்கிற ஒரு அங்கிளிடம் விட்டேன். இந்த விஷயத்தில் பெருமை பார்க்காதீர்கள்.

பக்கத்து இருக்கைக்கு மட்டும் உரிய சில வேலைகள் இருந்தன. ஓட்டுபவன் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. வளைவு வருவது அவனுக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு தானாகத் தயாராகும். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, கையில் எதுவும் இல்லை. வண்டி சாய்ந்தால் கை இயல்பாக வெளியே நீளும், கூண்டின் பக்கக் குழாயைப் பிடிக்கும். வண்டி புரண்டால் அந்தக் குழாய் தரையில் மோதும். ஆகவே பிடிப்புக் கம்பியை முழங்காலுக்கு முன்னால், உள்ளே வைத்தேன். இரு மணிக்கட்டுக்கும் பெல்ட்டோடு இணைந்த வார். தங்கையின் கால் தரைக்கு எட்டவில்லை, தொங்கிய காலோடு யாரும் உறுதியாக உட்கார முடியாது. அவள் உயரத்துக்கு ஏற்ப நகர்த்தக்கூடிய கால்தாங்கி ஒன்று செய்தோம். பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் உட்காரும்படி கொக்கிகளைக் கீழே இறக்கினோம்.

செயினுக்கும் அச்சுக்கும் முழு மூடி, இருக்கைக்குப் பின்னால் தகடு. இந்தியாவில் 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020இல் ஹைதராபாத்திலும் கார்ட் ஓட்டப் போன இளம் பெண்கள் கூந்தல் சக்கரத்தில் சிக்கி இறந்திருக்கிறார்கள். தங்கைக்கு இடுப்பு வரை தலைமுடி. துப்பட்டா கூடாது, முடி ஹெல்மெட்டுக்குள், ஹெல்மெட் கழுத்துப்பட்டை பூட்டியிருக்க வேண்டும் என்பது இப்போது அவளே மற்றவர்களுக்குச் சொல்லும் சட்டம்.

பாஹாவில் ஓட்டுநர் ஐந்து நொடியில் வெளியே வந்தாக வேண்டும். தங்கையை உட்கார வைத்துக் கைபேசியில் நேரம் பார்த்தேன். முதல் தடவை 14 நொடி. மணிக்கட்டு வார் பெல்ட் கொக்கியில் மாட்டிக்கொண்டது. கொக்கியைத் திருப்பிப் பொருத்தி, ஒரு மத்தியானம் முழுக்க ஏறி இறங்கி, ஐந்துக்குக் கொண்டுவந்தாள். பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குக்கூட அவள் அவ்வளவு பழகியதில்லை என்றார் சித்தி.

கடைசியாக, சிவப்புப் பொத்தான். எஞ்சினை அணைக்கும் பொத்தான் பாஹா வண்டியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இருக்கும். நான் மூன்று வைத்தேன். மூன்றாவது பக்கத்து இருக்கைக்கு. சித்தப்பா, "சின்னப் பிள்ள, வெளாட்டா அமுக்கிடும்" என்றார். அமுக்கட்டும். அமுக்கினால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே? இந்த எஞ்சின்களில் பொத்தானை அழுத்தினால் பற்றவைப்புச் சுருளின் மின்சாரம் சட்டகத்துக்குப் போய், தீப்பொறி நிற்கும். வயர் அறுந்திருந்தால் பொத்தான் வேலை செய்யாது, எஞ்சின் பாட்டுக்கு ஓடும். அறுந்தது வெளியே தெரியவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் மூன்றையும் ஒருமுறை அழுத்தி அணைத்துப் பார்க்கிறோம்.

டிசம்பர் விடுமுறையில் தங்கையின் முதல் ஓட்டம். அம்மாவும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சுற்று 15 கிலோமீட்டருக்குள். இரண்டாம் சுற்றில் மேடு ஏறி இறங்கும் இடத்தில் எஞ்சின் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் பொத்தானில்.

"ஏன் அமுக்குன?"

"பெட்ரோல் வாசம் வருது அண்ணா."

எனக்கு வரவில்லை. டாங்க் அவள் முதுகுக்குப் பின்னால், நான் வைத்த இடத்தில். இறங்கிப் பார்த்தேன். எரிபொருள் குழாயின் கிளிப் தளர்ந்து, குழாய் நுனி நனைந்திருந்தது. சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில். அந்தக் கிளிப்பை இறுக்கியவன் நான்தான். அன்று அதோடு நிறுத்திக்கொண்டோம். பின்னோக்கிப் போகும் கியர் வண்டியில் இல்லை, அதனால் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். இப்போது குழாய்க்கு இரட்டைக் கிளிப், சைலன்சருக்கும் டாங்குக்கும் நடுவே இன்னொரு தகடு. அடுத்த விடுமுறைக்கு ரிவர்ஸ் கியர் வேலை இருக்கிறது. இந்திய ஆட்டோ ரிக்‌ஷாவின் கியர்பெட்டியில் டிஃபரன்ஷியலும் ரிவர்ஸும் சேர்ந்தே வரும், அதன் எடை எந்தப் பக்கம் விழும் என்றுதான் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.